உப்பு எவ்வளவு? – நம் கடல்மீன் தொட்டிக்கு ஏற்ற கருவி எது?



உயிரியல் ஆய்வக வாசலில் இருக்கும் 100 லிட்டர் கண்ணாடித் தொட்டியைப் பார்க்காதவர் நம் பள்ளியில் யாரும் இருக்க முடியாது. இன்டர்வெல் மணி அடித்ததும் ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் “நீமோ! நீமோ!” என்று ஓடி வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த நான்கு மீன்களும் கோமாளி மீன்கள். குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்தவை, கடலில் பிடித்தவை இல்லை.

இந்தத் தொட்டியில் உப்பை அளக்க ஒரு கருவி வாங்குவதற்காகப் பெற்றோர் ஆசிரியர் கழகம் 2000 ரூபாய் தந்தது. “எந்தக் கருவி வாங்கலாம்னு நீங்களே ஆராய்ச்சி பண்ணி எழுதிக் கொடுங்க” என்று உயிரியல் சார் அறிவியல் மன்றத்தில் எங்கள் மூன்று பேரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “உப்பு இருக்கா இல்லையான்னு நாக்குல வச்சுப் பார்த்தா தெரியாதா? இதுக்குப் போய் 2000 ரூபாயா?”

நியாயமான கேள்வி! அதற்கு விடைதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான். நின்று முழுசாகப் படியுங்கள்.

35 என்ற எண்

ஒரு கிலோ கடல் தண்ணீரை எடுத்து, தண்ணீர் முழுவதும் போகும்வரை வற்ற வைத்தால் சுமார் 35 கிராம் உப்புப் பொருட்கள் மிஞ்சும். ஆயிரம் பங்கில் 35 பங்கு. இதைத்தான் 35 பிபிடி என்கிறார்கள். உலகக் கடல்களின் சராசரி இது. எல்லா இடத்திலும் ஒரே அளவு இருப்பதில்லை. செங்கடலில் 40-ஐ ஒட்டி இருக்கும். வங்கக் கடலின் வடக்குப் பகுதியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் வந்து கொட்டுவதால் மேல்மட்டத் தண்ணீரில் உப்பு குறைவு. சாக்கடலில் 340 வரை போகும். அங்கே மீன் வாழ முடியாது என்பது பெயரிலேயே தெரிகிறது.

கடல் உப்பு என்றால் சோடியம் குளோரைடு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் பெரும்பங்கு. கூடவே மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் என்று பல உண்டு. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி வந்த சேலஞ்சர் என்ற ஆங்கிலேயக் கப்பல் பல கடல்களிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தது. அவற்றில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து 1884-ல் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடிக் குறைந்தாலும், அதிலுள்ள முக்கியப் பொருட்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் விகிதம் ஏறத்தாழ மாறுவதே இல்லை!

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? விகிதம் மாறாது என்பதால்தான் ஒவ்வொரு உப்பையும் தனித்தனியாக அளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தண்ணீரின் கனத்தையோ, ஒளியை அது வளைப்பதையோ, மின்சாரத்தை அது கடத்துவதையோ, ஏதாவது ஒன்றை அளந்தால் போதும். மொத்த உப்பைக் கணக்குப் போட்டுவிடலாம். கீழே வரப்போகும் கருவிகள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றைத்தான் அளக்கின்றன.

மீனுக்கு என்ன கஷ்டம்?

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்பது பழமொழி. சாம்பாரில் உப்பு கூடினால் நாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துச் சமாளிப்போம். மீன் எங்கே போகும்? அது இருப்பதே சாம்பாருக்குள்!

சவ்வூடு பரவல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? கோமாளி மீன் போன்ற கடல் மீன்களின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மீன் உடம்பில் உள்ள தண்ணீர் செவுள் வழியே ஓயாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். தண்ணீரிலேயே இருந்தும் தாகம்! அதை ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கூடவே உள்ளே வரும் உப்பைச் செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. இதற்கெல்லாம் சக்தி செலவாகும். தொட்டியில் உப்பு திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ இந்தக் கணக்கு குழம்பி மீன் சோர்ந்துவிடும். நட்சத்திர மீன் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு இந்தச் செவுள் ஏற்பாடே கிடையாது. வெளியே உப்பு மாறினால் உடம்புக்குள்ளும் மாறிவிடும். அதனால் அவை இன்னும் சீக்கிரம் பாதிக்கப்படும்.

தொட்டியில் உப்பு ஏன் மாறுகிறது? மூன்று காரணம்.

1. ஆவியாதல். வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் 5 லிட்டர் போய்விடுகிறது. தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. 100 லிட்டரில் இருந்த 3500 கிராம் உப்பு இப்போது 95 லிட்டரில் இருக்கும். 35 என்பது 36.8 ஆகிவிடும். அதனால் குறைந்த இடத்தை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். கடல் தண்ணீரால் நிரப்பினால் வாரா வாரம் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

2. மழைக்காலம். நம் தொட்டிக்குக் கடல் தண்ணீர் கேனில் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, புன்னைக்காயல் பக்கம் தாமிரபரணி கடலில் சேரும்போது கரையோரக் கடல் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும். சித்திரையில் எடுத்த கேனும் கார்த்திகையில் எடுத்த கேனும் ஒன்றாக இருக்காது.

3. தண்ணீர் மாற்றுவது. மாதம் இருமுறை கொஞ்சம் தண்ணீர் எடுத்துப் புதிதாக ஊற்றுகிறோம். ஊற்றுவதற்கு முன் அளந்தாக வேண்டும்.

நாக்கு இதற்கு உதவுமா? ஆய்வகத்தில் லேப் அண்ணன் 30, 35, 40 பிபிடி என்று மூன்று டம்ளர் கரைத்து எண் எழுதாமல் வைத்தார். உப்புக்கரிக்கிறது என்று மூன்றையும் சொல்லலாம், எது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மீனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

கருவிகள் ஒவ்வொன்றாக

முதலில் காசு செலவில்லாமல் ஊருக்குள் கிடைக்கும் கருவிகளைத் தேடினோம்.

டிடிஎஸ் பேனா: வீட்டில் ஆர்.ஓ. மெஷின் போட வருகிறவர் கொண்டு வருவாரே, அதுதான். தண்ணீரில் விட்டால் எண் காட்டும். “எங்க வீட்டுல சும்மாதான் கிடக்கு” என்று ஒரு தோழி கொண்டு வந்தாள். ஆனால் இது குடிதண்ணீருக்குச் செய்யப்பட்டது. இந்த மாதிரிப் பேனாக்கள் பெரும்பாலும் பத்து லட்சத்தில் 9990 பங்கு வரைதான் காட்டும். கடல் தண்ணீர் 35,000! கிலோ கணக்கில் நிறுக்கும் மளிகைத் தராசில் மாட்டு வண்டியை ஏற்றின மாதிரி. ஆகவே ஆகாது.

உப்பளத்து மானி: எங்கள் குழுவில் ஒருவனின் அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். பாத்தித் தண்ணீரின் ‘டிகிரி’ பார்க்கும் கண்ணாடி மானியை மாமா எங்களுக்குக் காட்டினார். அந்துவான் போமே என்ற பிரெஞ்சுக்காரர் 1768-ல் வகுத்த அளவு இது. கடலிலிருந்து வரும்போது தண்ணீர் 3, 3½ டிகிரி இருக்கும். வெயிலில் காய்ந்து 24, 25 டிகிரிக்கு வரும்போது உப்பு பூக்க ஆரம்பிக்கும். எந்தப் பாத்தித் தண்ணீரை எந்தப் பாத்திக்கு எப்போது திறந்துவிடலாம் என்பதை இந்தச் சின்னக் கண்ணாடிதான் முடிவு செய்கிறது.

“அப்ப இதையே தொட்டிக்கு வச்சுக்கலாமே மாமா?” என்று கேட்டோம். மாமா சிரித்துவிட்டார். “எய்யா, இது பாத்திக்கு உள்ளது. ஒங்க தொட்டித் தண்ணி இதுல ரெண்டு கோட்டுக்கு நடுவுல அடங்கிரும். அதுல கூடுச்சா கொறஞ்சுச்சான்னு எனக்கே தெரியாது, ஒங்களுக்கு எங்க தெரியப் போவுது?”

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாமா சொன்னது முழுக்கச் சரி. இதில் ஒரு டிகிரி என்பது கடல் தண்ணீர் அளவில் சுமார் 10 பிபிடி. நமக்கோ ஒரு பிபிடி வித்தியாசமே தெரிய வேண்டும். உப்பளத்தில் லட்சக்கணக்கான ரூபாய் வேலையை நடத்தும் கருவி நம் தொட்டியில் பயன்படாது. கருவி நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டும். எங்கள் ஆராய்ச்சியில் கிடைத்த முதல் பாடம் இது.

அடுத்து, மீன் தொட்டிக்கு நிஜமாகவே உதவக்கூடியவை.

கண்ணாடி ஹைட்ரோமீட்டர்: பாடப்புத்தகத்தில் திரவமானி. பால்காரரிடம் பார்க்கும் பால்மானிக்கு அண்ணன். ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி கனமான தண்ணீரில் கொஞ்சம் மேலே மிதக்கும், லேசான தண்ணீரில் கீழே இறங்கும். காட்டுவது ஒப்படர்த்தி, அதாவது நல்ல தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது. 35 பிபிடி கடல் தண்ணீருக்கு 25 டிகிரி செல்சியஸில் 1.0264. உடைந்தால் ஒழிய கெடாது. பேட்டரி வேண்டாம். ஆனால் உயரமான ஜாடியில் நிறையத் தண்ணீர் பிடிக்க வேண்டும், தண்ணீர் ஆடாமல் இருக்க வேண்டும், வளைந்து நிற்கும் தண்ணீரின் கீழ் விளிம்பைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் முள் ஹைட்ரோமீட்டர்: ஒரு சின்னப் பெட்டி, உள்ளே தராசு முள் மாதிரி ஆடும் கை. தண்ணீரை நிரப்பினால் கை மேலே எழும்பி எண்ணைக் காட்டும். விலை குறைவு, கீழே போட்டாலும் உடையாது. ஆனால் கையில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலும் போச்சு. குமிழ் கையைத் தூக்கிவிடும், உப்பு அதிகம் என்று காட்டும். கழுவாமல் வைத்து உப்புப் படிந்துவிட்டால் கை கனமாகி, உப்பு குறைவு என்று காட்டும்.

ரிஃப்ராக்டோமீட்டர்: ஒளிவிலகல் பாடம்! தண்ணீருக்குள் வைத்த பென்சில் முறிந்தது போலத் தெரியுமே, உப்புத் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் அதிகம் முறியும். 20 டிகிரி செல்சியஸில் நல்ல தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.3330. 35 பிபிடி கடல் தண்ணீருக்கு 1.3394. இந்தத் துளி வித்தியாசத்தை வைத்துத்தான் கருவி வேலை செய்கிறது. இரண்டு சொட்டு விட்டு, மூடியை மூடி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேரும் கோடுதான் விடை. பேட்டரி தேவையில்லை. வெப்பநிலையைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும் வகையும் உண்டு.

மின்கடத்து மானி: உப்பு கூடினால் தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தும். 1978-ல் வகுத்த உவர்ப்பு அளவுகோலே மின்கடத்தலை அடிப்படையாகக் கொண்டதுதான். கடலில் மிதந்து விவரம் அனுப்பும் ஆர்கோ மிதவைகளும் இந்த முறையில்தான் உப்பை அளக்கின்றன. எண் அப்படியே திரையில் தெரியும். ஆனால் ஒரு டிகிரி சூடு கூடினால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடிவிடும், அதைச் சரிசெய்யும் வசதி கருவியில் இருக்க வேண்டும். முனையைச் சுத்தமாக வைக்க வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும். கடல் தண்ணீர் வரைக்கும் அளக்கக்கூடிய நல்ல மானிக்குக் கடையில் சொன்ன விலை நம் 2000 ரூபாயைத் தாண்டிவிட்டது.

வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தல்: பிளஸ் டூ அண்ணன் அக்காக்களுக்குத் தெரிந்திருக்கும். குளோரைடை அளந்து 1.80655-ஆல் பெருக்கினால் உவர்ப்பு வரும். அருமையான முறைதான். ஆனால் வெள்ளி நைட்ரேட் விலை அதிகம், வாரா வாரம் பியூரெட்டும் கையுமாக நிற்க முடியாது.

ஒரே தண்ணீர், மூன்று விடை!

மூன்று கருவிகள் மிஞ்சின. கண்ணாடி ஹைட்ரோமீட்டர் நம் இயற்பியல் ஆய்வகத்திலேயே இருந்தது. முள் ஹைட்ரோமீட்டரும் ரிஃப்ராக்டோமீட்டரும் கலர் மீன் கடை அண்ணன் ஒருவர் இரண்டு நாளைக்கு இரவல் தந்தார். தொட்டியிலிருந்து ஒரே வாளியில் தண்ணீர் எடுத்து மூன்றிலும் பார்த்தோம். தண்ணீரின் சூடு 30 டிகிரி செல்சியஸ். பாருங்கள் அதிசயத்தை:

கண்ணாடி ஹைட்ரோமீட்டர்: 1.022-க்கும் 1.023-க்கும் நடுவில். கடைச் சீட்டில் இருந்த அட்டவணைப்படி சுமார் 30 பிபிடி.

முள் ஹைட்ரோமீட்டர்: 1.029. அட்டவணைப்படி 38-க்கு மேல்.

ரிஃப்ராக்டோமீட்டர்: 36-க்கும் 37-க்கும் நடுவில்.

ஒரே வாளி, ஒரே நேரம், மூன்று விடை! யாரை நம்புவது?

இது விளையாட்டு விஷயம் இல்லை. கண்ணாடி சொல்வதை நம்பினால், 35 ஆக்குவதற்கு லிட்டருக்கு 5 கிராம் வீதம் அரைக் கிலோ உப்பு கரைத்து ஊற்ற வேண்டும். முள் சொல்வதை நம்பினால், சுமார் 10 லிட்டர் எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஏற்கெனவே சரியாக இருந்தால்? முதல் வழியில் 40 ஆகிவிடும், இரண்டாம் வழியில் 31.5 ஆகிவிடும். நல்லது செய்வதாக நினைத்து நான்கு மீன்களையும் நாமே வதைத்த மாதிரி ஆகும். அதனால் விடை தெரியும்வரை தொட்டியில் ஒரு சொட்டுகூட மாற்றக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார்.

எங்களில் ஒருத்தி சொன்னாள்: “விலை அதிகமானதுதான் சரியா இருக்கும்.” அடுத்தவன் சொன்னான்: “இல்ல, ஆய்வகத்துல இருக்கிறதுதான் சரி, அது கவர்மென்ட் சப்ளை.” வேதியியல் டீச்சரிடம் போனோம். டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “ரேஷன் கடைத் தராசு சரியான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“எடைக்கல்லை வச்சுப் பார்ப்போம் டீச்சர்.”

“அப்ப இதுக்கும் ஒரு எடைக்கல்லு வேணும்ல?”

தண்ணீரில் ஒரு எடைக்கல்

அளவு தெரிந்த ஒரு கரைசல்தான் அந்த எடைக்கல். எல்லாக் கருவியையும் சோதிக்கும் நடுவர்.

டீச்சர் சொல்லித் தந்த முறை இது. ஆய்வகத்தில் உள்ள சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராம். காய்ச்சி வடித்த நீர் 963.5 கிராம். இரண்டையும் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துக் கரைத்தால் மொத்தம் சரியாக 1000 கிராம். இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவும் 35 பிபிடி கடல் தண்ணீர் வளைக்கும் அளவும் ஒன்று.

“35 கிராம்தானே போடணும், ஏன் 36.5?” என்று நானும் கேட்டேன். கடல் உப்பில் மெக்னீசியம், சல்பேட் எல்லாம் கலந்திருக்கிறது என்று மேலே எழுதினேன் அல்லவா? அவை ஒளியை வளைப்பது வேறு மாதிரி. வெறும் சோடியம் குளோரைடு மட்டும் வைத்து அதே அளவு வளைக்க இன்னும் ஒன்றரைக் கிராம் அதிகம் தேவைப்படுகிறது.

முதலில் ரிஃப்ராக்டோமீட்டரில் காய்ச்சி வடித்த நீரை விட்டோம். கோடு கச்சிதமாகப் பூஜ்ஜியத்தில் நின்றது. “பாத்தீங்களா, கருவி சரி!” என்று கை தட்டினோம். டீச்சர் தலையாட்டினார்கள். “காலித் தட்டுல தராசு பூஜ்ஜியம் காட்டுதுன்னா, ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ காட்டும்னு என்ன நிச்சயம்?”

பிறகு நடுவர் கரைசலை விட்டோம். கோடு 36-க்கும் 37-க்கும் நடுவில், தொட்டித் தண்ணீர் நின்ற அதே இடத்தில் நின்றது! அப்படியென்றால் தொட்டித் தண்ணீர் 35. மீன்கள் இத்தனை நாளும் சரியான உப்பில்தான் இருந்திருக்கின்றன. அன்று நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டார்.

கருவி ஏன் ஒன்றரை அதிகம் காட்டியது? கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர்களில் பல, சோடியம் குளோரைடு கரைசலை அளப்பதற்காகக் கோடு போட்டவை. ஊறுகாய், உணவுத் தொழிலுக்கு அது சரி. கடல் தண்ணீரை விட்டால் சுமார் ஒன்றரைப் பங்கு கூட்டிச் சொல்லும். திருகைத் திருப்பி, நடுவர் கரைசலுக்கு 35 காட்டும்படி வைத்துவிட்டால், நமக்கு வேண்டிய இடத்தில் சரியாகக் காட்டும்.

கண்ணாடி ஹைட்ரோமீட்டரைத் திருப்பிப் பார்த்தோம். உள்ளே இருந்த காகிதத்தில் பொடி எழுத்தில் 60 டிகிரி ஃபாரன்ஹீட் என்று இருந்தது. அதாவது 15.6 டிகிரி செல்சியஸ். குளிர்நாட்டு அறைச் சூட்டுக்குச் செய்தது. நம் ஊரில் 15 டிகிரியைக் கண்டவர் யார்? சூடான தண்ணீர் விரிந்து லேசாகிவிடும், ஹைட்ரோமீட்டர் கீழே இறங்கும், உப்பு குறைவு என்று காட்டும். 35 பிபிடி தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் இந்தக் கருவி 1.0227 பக்கம்தான் காட்ட வேண்டும். அது காட்டியதும் அதுதான்! பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. 25 டிகிரி அட்டவணையோடு சேர்த்துப் படித்தால்தான் 30 என்று ஆகிறது.

முள் ஹைட்ரோமீட்டரைப் பெட்டியோடு மெல்லத் தட்டினோம். கையின் அடியிலிருந்து இரண்டு குமிழ் பிரிந்து மேலே போனது. முள் 1.027-க்கு இறங்கியது. குமிழ் போன பிறகு அது கிட்டத்தட்ட நல்ல பிள்ளை.

ஆக, மூன்று கருவியிலும் ‘மோசமான கருவி’ என்று ஒன்றும் இல்லை. நடுவர் வரும்வரை எதை நம்புவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் முடிவு

ரிஃப்ராக்டோமீட்டரே வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். விலை 1600 ரூபாய். காரணங்கள்:

1. இரண்டு சொட்டு போதும். ஆறாம் வகுப்பு மாணவர்கூட அளக்கலாம்.

2. ஒரு பிபிடி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

3. பேட்டரி, மின்சாரம் தேவையில்லை.

4. எல்லாவற்றையும் விட முக்கியம்: நம் ஆய்வகத்திலேயே நடுவர் கரைசல் செய்து, திருகைத் திருப்பி, நாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தோம். டீச்சர் வேண்டாமென்று சொல்லி, நன்றாக மூடும் கண்ணாடிப் புட்டிகளும் சுத்தமான சோடியம் குளோரைடும் வாங்கச் சொன்னார்கள். எடைக்கல்லுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது எங்களுக்குக் கிடைத்த இரண்டாம் பாடம். நடுவர் கரைசலை இறுக்கி மூடாவிட்டால் தண்ணீர் ஆவியாகி, நடுவரே பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவார்!

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்களுக்குச் சில குறிப்புகள்:

• கையில் காசு குறைவா? முள் ஹைட்ரோமீட்டரே வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் தட்டிக் குமிழ் நீக்குங்கள். அளந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சரிபார்த்த ஒரு ரிஃப்ராக்டோமீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டு, எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். நம் பள்ளிக் கருவியைக் கொண்டு ஒப்பிட்டுத் தர நாங்கள் தயார்.

• கண்ணாடி ஹைட்ரோமீட்டர் வாங்கினால், எத்தனை டிகிரிக்குச் செய்தது என்று படித்துவிட்டு வாங்குங்கள். தெர்மாமீட்டரும் கூடவே வேண்டும்.

• ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினால், கடல் நீருக்கானதா, வெறும் உப்புக் கரைசலுக்கானதா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நடுவர் கரைசல் சொல்லிவிடும்.

• எந்தக் கருவியானாலும் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

• எண் 34 ஆகவோ 36 ஆகவோ இருந்தால் பதற வேண்டாம். ஒரே நாளில் தடாலென்று மாற்றுவதுதான் ஆபத்து. சரிசெய்வதாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக, பல நாட்களில் செய்யுங்கள்.

• பவளம், கடல்குதிரை, கடல் அட்டை இவற்றைக் கடலிலிருந்து எடுத்து வந்து தொட்டியில் விடலாம் என்று நினைக்காதீர்கள். 2001 முதல் இவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி அவை வாழ்கின்றன. அங்கேயே இருக்கட்டும்.

சிந்திக்க!

ஒரு கருவி எண்ணைக் காட்டிவிட்டால் நாம் உடனே நம்பிவிடுகிறோம். தெர்மாமீட்டர், தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர், கடிகாரம் எல்லாம் அப்படித்தான். “இதை எதை வைத்துச் சரிபார்த்தார்கள்?” என்று கேட்கிறவர் குறைவு. விலை கூடிய கருவி, அழகான கருவி, வெளிநாட்டுக் கருவி என்று பார்ப்பதை விட, நம்மால் சரிபார்க்க முடிந்த கருவி எது என்று பார்ப்பதே நல்லது.

தொட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டு கட்டித் தொங்குகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மதிய இடைவேளையில் அளந்து அதில் எழுதுகிறோம். பார்க்க வருகிறவர்கள் வரலாம், கற்றுக்கொள்ள விரும்பும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் உயிரியல் சாரிடம் பெயர் கொடுக்கலாம். நாங்கள் மூன்று பேரும் அடுத்த ஆண்டோடு பள்ளியை விட்டுப் போய்விடுவோம். மீன்கள் இங்கேதான் இருக்கும். அளக்கத் தெரிந்த கைகள் அதற்குப் பிறகும் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆசையாய் இருந்தாலும் கையை உள்ளே விடாதீர்கள், முறுக்கு, மிக்சர் எதையும் போடாதீர்கள். உப்பு கூடினால் இந்தக் கருவி காட்டிக் கொடுத்துவிடும். முறுக்கைக் காட்டிக் கொடுக்கும் கருவி இன்னும் எங்களிடம் இல்லை!



– அறிவியல் மன்றம்,
11-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு